இழுத்துப் பார்க்காத முடிச்சு

குளத்தின் மேல் சாய்ந்து நின்ற கருவேல மரத்தில் ஒரே இரைச்சல். தூக்கணாங்குருவிகள் கூடு கட்டத் தொடங்கிவிட்டன. ஆண் குருவிகள் ஆளுக்கொரு கிளை நுனியைப் பிடித்துக்கொண்டு, "இது என் இடம்!" "நான்தான் முதல்ல வந்தேன்!" என்று சண்டை போட்டன.

மாசிலான் என்ற குருவி மட்டும் சண்டைக்குப் போகவில்லை. அடிமரத்துப் பக்கம் ஒதுங்கி உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தான்.

யோசிப்பதற்குக் காரணம் இருந்தது. போன மழைக்காலத்தில் அவன் தன் முதல் கூட்டைக் கட்டினான். பாதிகூட ஆகவில்லை, அவிழ்ந்து விழுந்துவிட்டது. விழுந்ததுதான் விழுந்தது, தண்ணீரில் விழுந்திருக்கலாம். கீழே குளித்துக்கொண்டிருந்த எருமையின் கொம்பில் போய் விழுந்தது. எருமைக்கு அது தெரியவேயில்லை. கூட்டைத் தலையில் வைத்துக்கொண்டே கரையேறி, ஊர் முழுக்கச் சுற்றிவிட்டு, மறுநாளும் அதே கோலத்தில் குளிக்க வந்தது.

"எருமைக்கு முண்டாசு கட்டிவிட்டவன் யாருடா?"

"நம்ம மாசிலான்!"

மரமே சிரித்தது. அந்தச் சிரிப்பு மாசிலான் காதில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

மனிதர்களில் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்கப் போவார்கள். தூக்கணாங்குருவிகளில் பெண்கள்தாம் கூடு பார்க்க வருவார்கள். ஆண் குருவி பாதிக் கூடு கட்டி நிறுத்த வேண்டும். கவிழ்த்த தொப்பி போல அது தொங்கும். நடுவில் ஊஞ்சல் பலகை மாதிரி ஒரு குறுக்குக் கட்டு இருக்கும். பெண் குருவி வந்து அதில் உட்காரும். ஆடும். முடிச்சுகளை அலகால் இழுத்துப் பார்க்கும். பிடித்திருந்தால், "மேலே கட்டுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லும். அதுதான் சம்மதம். அதன் பிறகே ஆண் குருவி முட்டை வைக்கும் அறையையும் நீண்ட வாசலையும் கட்டி முடிக்கும்.

பிடிக்காவிட்டால் பறந்துவிடும். சில பெண்கள் போகிற போக்கில் ஏதாவது சொல்லிவிட்டும் போவார்கள்.

இதெல்லாம் மழைக்காலம் முடிவதற்குள் நடக்க வேண்டும். மழை நின்றால் ஆண் குருவியின் தலையில் இருக்கும் மஞ்சள் வெளுத்துவிடும். வெளுத்த தலையை எந்தப் பெண்ணும் திரும்பிப் பார்க்க மாட்டாள். இந்த வருஷமாவது யாராவது ஒருத்தி தன் கூட்டில் உட்கார்ந்து "மேலே கட்டுங்க" என்று சொல்ல வேண்டும். மாசிலானுக்கு அது ஒன்றுதான் ஆசை. மறுபடியும் விழுந்துவிடுமோ என்பது ஒன்றுதான் பயம்.

தூக்கணாங்குருவிகளுக்கு வாத்தியார் கிடையாது. அவரவர் தாமே கற்றுக்கொள்ள வேண்டியதுதான். எனவே மாசிலான் ஒரு முடிவுக்கு வந்தான்.

"போன வருஷம் நான் திட்டம் இல்லாமல் கட்டினேன். அதனால்தான் விழுந்தது. இந்த வருஷம் பின்னல் கலையை முறைப்படி படிக்கப் போகிறேன். வாத்தியாரும் நானே, மாணவனும் நானே!"

பாடத்திட்டம் தயாரானது. முதலில் மற்றவர்கள் கூடுகளை நன்றாகப் பார்ப்பது. பிறகு புல் வகைகளை அறிந்துகொள்வது. பிறகு முடிச்சைப் பற்றிச் சிந்திப்பது. பிறகு புல் இல்லாமல் வெறும் காற்றில் முடிச்சுப் போட்டுப் பழகுவது. எல்லாம் ஐயமறத் தெளிந்த பிறகு, கடைசியாக, புல்லைத் தொடுவது.

அடிமரத்தில் ஓர் ஓணான் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மாசிலான் அதனிடம் போய்த் திட்டத்தைச் சொன்னான்.

"எப்படி அண்ணே? சரியா இருக்கா?"

ஓணான் தலையை ஆட்டியது.

"புல்லைக் கடைசியில தொட்டாப் போதும்தானே?"

ஓணான் இன்னும் பலமாக ஆட்டியது.

"பெரியவங்க நீங்களே சொல்லிட்டீங்க! அப்புறம் என்ன!" என்று மாசிலான் மகிழ்ந்துபோனான்.

படிப்பு தொடங்கியது. மாணவன் ஒழுங்காகத்தான் வந்தான். வாத்தியார்தான் கொஞ்சம் இளகிய மனசுக்காரர். வெயில் ஏறினால், "இன்றைக்கு இது போதும்" என்று விடுமுறை விட்டார். மழை தூறினால், "நனைந்துகொண்டு படிக்க வேண்டாம்" என்று விடுமுறை விட்டார். விடுமுறை கிடைத்த மாணவன் சந்தோஷமாகப் புழு தின்னப் போனான். எந்தப் பள்ளியிலும் வாத்தியாரும் மாணவனும் இவ்வளவு ஒற்றுமையாக இருந்ததில்லை.

பக்கத்துக் கிளையில் கட்டையன் என்ற குருவி கூடு கட்டிக்கொண்டிருந்தான். மாசிலான் வயதுதான். இரண்டு பேரும் ஒரே மழையில் முட்டையை உடைத்து வந்தவர்கள். கட்டையனிடம் திட்டம் எதுவும் இல்லை. கையில் கிடைத்த புல்லைக் கிழிப்பான், சுற்றுவான், குத்துவான், இழுப்பான். கூடு ஒரு பக்கம் வீங்கியும் ஒரு பக்கம் ஒட்டியும் இருந்தது.

ஒரு நாள் பேச்சி என்ற பெண் குருவி வந்து அதில் உட்கார்ந்தாள். அவள் வாய் அந்தக் குளத்தங்கரை முழுக்கப் பிரசித்தம்.

"என்னங்க இது, கூடா, இடியாப்பமா?"

மாசிலானுக்கு உடம்பு கூசியது. தன்னிடம் இப்படிக் கேட்டிருந்தால் குளத்தில் குதித்திருப்பான். கட்டையன் குதிக்கவில்லை.

"எந்த இடம் இடியாப்பம்? காட்டிட்டுப் போங்க."

"இதோ, இந்த இடம். மேலே இருக்கிற முடிச்சும் தொளதொளன்னு இருக்கு."

"ஓகோ! நாளைக்கு வந்து பாருங்க!"

பேச்சி போனதும் கட்டையன் அந்தக் கூட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டு வேறு கட்டினான்.

"ஏன்டா மாப்ளே, உனக்கு வெக்கமே இல்லையா?" என்று மாசிலான் கேட்டான்.

"இருந்துச்சு. புல்லு கிழிக்கிறப்ப எங்கேயோ விழுந்துருச்சு. நீ எப்போ கட்டப்போறே?"

"நான் இன்னும் படிச்சிட்டு இருக்கேன்."

"எதை?"

"முடிச்சை."

"எங்கே, ஒரு முடிச்சுப் போடு பார்ப்போம்!"

"அந்தப் பாடம் இன்னும் வரலை" என்று மாசிலான் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஒருவழியாகப் புல்லைத் தொடும் பாடம் வந்தது. நாணல் தாள், நெல் தாள், தென்னங்கீற்று எல்லாவற்றிலும் நார் கிழித்து, கோணாத நாராகத் தேடித் தேடிச் சேர்த்தான். கொஞ்சம் தடித்ததைத் தள்ளினான். கொஞ்சம் மெலிந்ததையும் தள்ளினான். நல்லதாக ஒரு கட்டுச் சேர்ந்ததும் கிளையில் பரப்பி வைத்து, எதை முதலில் எடுப்பது என்று யோசித்தான். யோசித்து முடிப்பதற்குள் நார் காய்ந்துவிட்டது. முதல் நாரை வளைத்தான். பட்டென்று ஒடிந்தது. இரண்டாவதும் ஒடிந்தது.

"பச்சையா இருக்கறப்பவே கட்டணும்டா, அறிவுக்கொழுந்தே!" என்று கட்டையன் கத்தினான்.

மேல்கிளையில் இரண்டு மூன்று குருவிகள் சிரித்தன. "எருமை காத்துக்கிட்டிருக்கு, சீக்கிரம் கட்டுப்பா!" என்றது ஒரு குரல்.

அவ்வளவுதான். மாசிலான் அங்கிருந்து கிளம்பிவிட்டான்.

"இவர்கள் கண்ணில் படும் இடத்தில் கட்டுவது தப்பு. பாதியைப் பார்த்தால் சிரிக்கத்தான் செய்வார்கள். மறைவாகக் கட்டுவேன். முழுசாகக் கட்டுவேன். முடிந்த பிறகு காட்டுவேன். அப்போது யார் சிரிப்பார்கள், பார்ப்போம்!"

மறுகரையில் ஓர் ஈச்சமரம் தண்ணீர்ப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. மாசிலான் அங்கே போனான். ஓணானையும் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிக்கொண்டு போனான். ஓணான் கரையைச் சுற்றி ஓடிவந்து மூச்சு வாங்க மரமேறி, தலையை ஆட்டியது.

அங்கே அவன் உண்மையாகவே கட்டினான். மறைவில் இருந்ததால் பயம் குறைந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒவ்வொரு வரியையும் பின்னிவிட்டுப் பின்னால் தள்ளி உட்கார்ந்து பார்ப்பான். பிடிக்காவிட்டால் அவிழ்ப்பான். மறுபடி பின்னுவான். ஒன்றை மட்டும் அவன் செய்யவில்லை. கூட்டைக் கிளையோடு சேர்க்கும் தாய்முடிச்சை ஒருமுறைகூட இழுத்துப் பார்க்கவில்லை. அதன் பக்கம் போகும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டான்.

"முடிச்சு நல்லாத்தானே இருக்கு அண்ணே?"

ஓணான் ஆட்டியது.

பாதிக் கூட்டில் அவன் நிறுத்தவில்லை. முட்டை அறையைக் கட்டினான். வாசலைக் கட்டினான். உள்ளே களிமண் பூசினான். சுரைக்காயைத் தலைகீழாகத் தொங்கவிட்டது போல, பிசிறில்லாமல், வழவழவென்று, அப்படி ஒரு கூடு அந்தக் குளத்தங்கரையில் அதுவரை தொங்கியதில்லை.

அதற்குள் மழை குறைய ஆரம்பித்திருந்தது. கட்டையனின் கூட்டில் பேச்சி, "மேலே கட்டுங்க, இடியாப்பக்காரரே!" என்று சொல்லிவிட்டாள் என்ற செய்தி மறுகரைக்கு வந்தது. மாசிலான் குனிந்து தண்ணீரில் தன் தலையைப் பார்த்தான். மஞ்சள் ஓரத்தில் லேசாக மங்கியிருந்தது.

அவன் கருவேல மரத்துக்குப் பறந்தான். இன்னும் எந்தக் கூட்டுக்கும் சம்மதம் சொல்லாத பெண் ஒருத்தி அங்கே இருந்தாள். பெயர் வஞ்சி. அதிகம் பேசாதவள். எல்லாக் கூட்டையும் நிதானமாக இழுத்துப் பார்ப்பவள்.

"என் கூட்டை வந்து பார்க்கணும்" என்றான் மாசிலான்.

வஞ்சி வந்தாள். வேடிக்கை பார்க்க இன்னும் நாலைந்து பேர் பின்னால் வந்தார்கள். கூட்டைப் பார்த்ததும் எல்லோரும் அருகே பறந்து வந்து பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. மாசிலானுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

வஞ்சி கூட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"ரொம்ப அழகா இருக்கு. யார் குடியிருக்காங்க?"

"யாரும் இல்லை! உங்களுக்காகத்தான்!"

"எனக்கா? அப்போ நான் எங்கே உட்கார்ந்து பார்க்கிறது? ஊஞ்சலை உள்ளே வச்சு மூடிட்டீங்களே."

"உட்கார வேண்டிய அவசியமே இல்லை. எல்லாம் முடிஞ்சிருச்சு. அப்படியே குடிவரலாம்."

"தாய்முடிச்சைப் பார்க்கணுமே. அதுமேலயும் பின்னி மறைச்சிருக்கீங்க."

"அது நல்லா இருக்கு."

"இழுத்துப் பார்த்தீங்களா?"

"ஐயோ, இழுத்தா விழுந்துருமே!" என்று மாசிலான் வாய்தவறிச் சொல்லிவிட்டான்.

கூட வந்தவர்கள் களுக்கென்று சிரித்தார்கள். வஞ்சி சிரிக்கவில்லை.

"அப்போ நல்லா இருக்குன்னு யார் சொன்னது?"

"ஓணான் அண்ணன். ஆரம்பத்துலேருந்து அவர் யோசனைப்படிதான் எல்லாம்."

வஞ்சி ஓணான் பக்கம் திரும்பினாள். "பெரியவரே, இந்தக் கூடு நிற்குமா?"

ஓணான் தலையை ஆட்டியது.

"பார்த்தீங்களா!" என்றான் மாசிலான்.

"பெரியவரே, இந்தக் கூடு விழுந்துருமா?"

ஓணான் அதே மாதிரி ஆட்டியது.

"பெரியவரே, நீங்க ஒரு மாங்காயா?"

ஓணான் மிகவும் பலமாக ஆட்டியது.

இப்போது சிரிப்பில் மறுகரையே அதிர்ந்தது. மாசிலான் வாயைப் பிளந்தபடி ஓணானைப் பார்த்தான்.

"அண்ணே! இத்தனை நாளும் நீங்க சரி சரின்னு சொன்னது?"

"நான் எங்கே தம்பி சொன்னேன்?" என்று ஓணான் முதல் முதலாக வாயைத் திறந்தது. "அது என் கழுத்து. எங்க அப்பாவுக்கும் அப்படித்தான். நீ பாட்டுக்கு வந்து பேசினே. நல்ல பிள்ளையாச்சேன்னு நானும் கேட்டுக்கிட்டிருந்தேன்."

வஞ்சி கிளம்பினாள். கிளம்பும்போது மாசிலானிடம் சொன்னாள்.

"விழுகிற கூடு நான் இழுக்கிறப்ப விழுந்தா நல்லது. முட்டை வச்சப்புறம் விழக்கூடாது. அதுக்குத்தாங்க பாதியில பார்க்கிறோம். உங்க கை நல்ல கை. ஆனா காட்டாத முடிச்சை நம்பி என்னால குடிவர முடியாது."

எல்லோரும் போய்விட்டார்கள். ஓணானும் வெட்கப்பட்டுப் புதருக்குள் நுழைந்துகொண்டது.

மாசிலான் கூட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பிறகு கிளை நுனிக்கு நகர்ந்தான். மேலே பின்னியிருந்த நாரை விலக்கினான். தாய்முடிச்சு தெரிந்தது. இந்த முறை கண்ணை மூடவில்லை. அலகால் கவ்வி இழுத்தான்.

முடிச்சு வழுக்கியது. கூடு ஒரு தடவை சுழன்று, தொப்பென்று தண்ணீரில் விழுந்தது. குளத்து ஆமை ஒன்று தலையை நீட்டிப் பார்த்து, "அட, மெத்தை!" என்று அதன்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது.

மாசிலான் காத்திருந்தான். இதற்குமேல் ஏதோ பயங்கரம் நடக்கப் போகிறது என்று நினைத்தான். ஒன்றும் நடக்கவில்லை. கிளை அங்கேயே இருந்தது. அவனும் அங்கேயே இருந்தான். பசிகூட எடுத்தது.

அப்போதுதான் கிளையில் ஒட்டியிருந்த மிச்ச நாரைக் கவனித்தான். நார் முழுவதும் ஒரே பக்கமாகவே சுற்றியிருந்தது. ஒரு சுற்றுக்கூடத் திரும்பி வரவில்லை. அப்படிச் சுற்றினால் பாரம் ஏற ஏற அவிழத்தானே செய்யும்! போன வருஷமும் இதே தப்பாகத்தான் இருந்திருக்கும். அன்றைக்கு விழுந்த வேகத்தில் இவன் பறந்து ஓடிவிட்டதால், மிச்ச நாரைத் திரும்பிப் பார்க்கவேயில்லை.

மாசிலான் உரக்கச் சிரித்தான். கீழே படுத்திருந்த ஆமை, "மெதுவாப்பா, தூக்கம் கெடுது" என்றது.

அவன் நேரே கருவேல மரத்துக்குப் பறந்தான். எல்லோர் கண்ணிலும் படுகிற கிளையாகப் பார்த்து உட்கார்ந்தான்.

"கட்டையா! என் கூடு விழுந்துருச்சு!"

"அப்படியா! எந்தப் பக்கம் அவுந்துச்சு?"

"ஒரே பக்கமா சுத்தியிருக்கேன்டா!"

"முட்டாளே, நானும் முதல்ல அப்படித்தான் சுத்தினேன்! திருப்பிச் சுத்தி, ஊடே குத்தி இழு!"

மாசிலான் வாத்தியாரை வேலையை விட்டு நீக்கினான். பச்சை நாரைக் கிழித்தான். சுற்றினான், திருப்பினான், குத்தினான், இழுத்தான். விழுந்தது. மறுபடி சுற்றினான். அதுவும் விழுந்தது. ஒவ்வொரு தடவை விழும்போதும் மேல்கிளையில் சிரித்தார்கள். முதலில் சிரிப்பு காதைச் சுட்டது. பிறகு வேலை மும்முரத்தில் அது மழைச் சத்தம் போல ஆகிவிட்டது. பின்னால் வந்த முடிச்சு ஒன்று விழவில்லை. மாசிலான் அதில் தலைகீழாகத் தொங்கி ஆடிப் பார்த்தான். அப்போதும் விழவில்லை.

பாதிக் கூடு ஆனதும் அவனே போய் வஞ்சியை அழைத்தான். அவள் வந்து உட்கார்ந்து, ஆடி, இழுத்தாள்.

"தாய்முடிச்சு பரவாயில்லை. ஊஞ்சல் சரியில்லை. ஒரு பக்கம் தாழுது."

பழைய மாசிலான் என்றால் அந்த இடத்திலேயே ஈச்சமரத்துக்குப் பறந்திருப்பான். இவனுக்கும் ஒரு கணம் இறக்கை விரியத்தான் செய்தது. மடக்கிக்கொண்டான்.

"எந்தப் பக்கம் தாழுது? காட்டிட்டுப் போங்க."

"இந்தப் பக்கம்."

அவன் அந்தப் பக்கத்தைப் பிரித்துக் கட்டினான். மேற்கே கடைசி மேகங்கள் வெளுத்துக்கொண்டிருந்தன. அவன் தலையிலும் மஞ்சள் பாதிதான் மிச்சம். ஒரு பிற்பகலில் வஞ்சி மறுபடி வந்தாள். உட்கார்ந்தாள். ஆடினாள். எல்லா முடிச்சையும் இழுத்தாள். மேல்கிளைக்காரர்கள்கூடச் சிரிப்பை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"மேல்பக்கம் கொஞ்சம் கோணலா இருக்கு" என்றாள் வஞ்சி. "அதனால என்ன? மழை உள்ளே வராது. மேலே கட்டுங்க."

மாசிலானுக்குக் காதில் பாதிதான் விழுந்தது.

"கோணலா? எங்கே? ஒரு நிமிஷம் இருங்க, முழுசா அவுத்துட்டு மறுபடியும்..."

"அவுத்தீங்கன்னா நான் பக்கத்துக் கிளைக்குப் போயிருவேன்!"

"ஐயோ, இல்லை இல்லை! இதோ கட்டுறேன்!" என்று மாசிலான் அடுத்த நாரைக் கிழிக்க அவசரமாகப் பறந்தான்.

தோற்றுவிடுவோமோ என்று பயந்து முழுமையாகும்வரை மறைத்து வைக்கிறவனுக்குக் கலை கைவராது. பாதியிலேயே காட்டி, பிழை எங்கே என்று கேட்டுத் திருத்துகிறவனுக்கே அது வசப்படும்.